மரம் நிறையக் காய்க்க, காய் நன்றாகப் பெருக்க: கொல்லைக்கும் தோப்புக்கும் ஒரு வழிகாட்டி

மரத்தில் பிஞ்சு தொங்குவதைப் பார்த்த பிறகுதான் பலருக்கு உர மூட்டை நினைவுக்கு வருகிறது. அப்போது போடும் உரத்தால் காயின் எண்ணிக்கை கூடாது. அளவிலும் பெரிய மாற்றம் வராது. மாமரத்தில் எத்தனை காய் பிடிக்கும் என்பது, போன அறுவடைக்குப் பிறகு மரம் விட்ட தளிரிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. ஒரு காய் எவ்வளவு பெருக்கும் என்பது பூ பிஞ்சான முதல் சில வாரங்களில் தீர்மானமாகிறது. அந்த வாரங்களில்தான் பிஞ்சுக்குள் செல்கள் பிரிந்து எண்ணிக்கையில் பெருகுகின்றன. அதன் பிறகு பெரும்பாலும் நடப்பது, இருக்கும் செல்களில் நீரும் சர்க்கரையும் நிரம்புவதுதான். தொடக்கத்தில் வாடிய பிஞ்சுக்குப் பிறகு குடம் குடமாகத் தண்ணீர் விட்டாலும் அது அந்த அளவிலேயே பழுக்கும்.

ஆகவே வேலையைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். கீழே சொல்லும் மாதங்கள் தமிழ்நாட்டுச் சமவெளிப் பகுதிக்கு உரியவை. கன்னியாகுமரி மாவட்டத்தில் மா பருவம் தப்பியும் காய்க்கும் என்பதால் அங்கே உள்ளவர்கள் மாதத்தை விட்டுவிட்டு, மரத்தில் தெரியும் அடையாளங்களைப் பின்பற்றுங்கள்.

கன்றும் இடமும்

ஒட்டுக்கன்றே வாங்குங்கள். கொட்டை முளைத்து வந்த மா காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். ஒட்டு மா மூன்று, நான்கு ஆண்டுகளிலேயே காய்க்கும். நடும்போது ஒட்டுப் போட்ட முடிச்சு மண்ணுக்கு மேல் அரை அடியாவது தெரிய வேண்டும். அந்த முடிச்சுக்குக் கீழே எது துளிர்த்தாலும் உடனே கிள்ளி எறியுங்கள். பங்கனப்பள்ளி என்று வாங்கி நட்டு, கடைசியில் நார் நிறைந்த சின்னக் காய் காய்த்தால், பல இடங்களில் காரணம் இதுதான்: மேலே இருந்த ஒட்டு காய்ந்துபோய், கீழே இருந்த நாட்டு மா துளிர்த்து மரமாகியிருக்கும். அதற்கு எந்த உரமும் மருந்தாகாது.

ரகத்துக்கு என்று ஓர் அளவு உண்டு. நீலம் எவ்வளவு கவனித்தாலும் மல்கோவா அளவுக்கு வராது. மல்கோவாவும் இமாம்பசந்தும் நீலத்தைப்போல் கொத்துக் கொத்தாகக் காய்க்காது. ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் ஆண்டுதோறும் ஓரளவு தவறாமல் காய்க்கும் நீலம் அல்லது பெங்களூரா எனப்படும் கிளிமூக்கு நல்ல தேர்வு.

நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேர் வெயில் கட்டாயம். மாவுக்கு 25 முதல் 30 அடி, கொய்யாவுக்கு 18 முதல் 20 அடி இடைவெளி வேண்டும். இடம் குறைவு என்றால் நெருக்கி நடலாம். ஆனால் ஆண்டுதோறும் கவாத்து (வேண்டாத கிளைகளை வெட்டிச் சீராக்குவது) செய்தே தீர வேண்டும். முதல் மூன்று ஆண்டுகளில் மா பூத்தால் பூங்கொத்தைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான். ஆனால் இரண்டாம் ஆண்டில் இரண்டு மாங்காய் பறித்த கன்று, கிளை விடாமல் குறுகி நின்றுவிடும்.

மா: தளிர் முற்றினால்தான் பூ

மாவின் பூங்கொத்து கிளையின் நுனியில், முற்றிய தளிரிலிருந்து வருகிறது. ஜூன், ஜூலையில் காய் பறித்ததும் ஆகஸ்டில் புதுத் தளிர் வர வேண்டும். அது மூன்று நான்கு மாதம் முற்றி, மார்கழிக் குளிரில் மொட்டாக மாற வேண்டும். இதுதான் மாவின் ஓராண்டு. இந்த ஓட்டத்தில் எந்த இடத்தில் தடை வந்தாலும் அது அடுத்த கோடையில் காய்க் குறைவாகத் தெரியும்.

அறுவடை முடிந்த இரண்டு, மூன்று வாரத்துக்குள் காய்த்த கிளை நுனிகளை, உலர்ந்து நிற்கும் பழைய காம்போடு சேர்த்து நாலைந்து அங்குலம் வெட்டிவிடுங்கள். அந்தக் காம்பு அப்படியே நின்றால் நுனி துளிர்க்கத் தாமதமாகும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, ஆகஸ்ட், செப்டம்பரில், ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்நோக்கி வளர்ந்த கிளை, காய்ந்த கிளை ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். மரத்தடியில் நண்பகலில் நின்று பாருங்கள். தரையில் காசு காசாக வெயில் விழுந்தால் கவாத்து சரியாக இருக்கிறது. முழு நிழலாக இருந்தால் உள் கிளைகள் காய்க்காது.

அக்டோபர், நவம்பரில் வெட்டக் கூடாது. மிகவும் அதிகமாக நடக்கும் தவறு இது. ஐப்பசி மழையோடு வெட்டினால் மரம் புதுத் தளிர் விடும், தை மாதம் வரும்போது அந்தத் தளிர் இளசாக இருக்கும், பூக்காது. வடகிழக்குப் பருவமழை நீண்ட ஆண்டுகளில் வெட்டாத மரமே இப்படித் தளிர்த்துவிடுவதைப் பார்க்கலாம்.

தளிர் முற்றிவிட்டதா என்பதைக் கையால் அறியலாம். நவம்பர் கடைசியில் நுனியிலிருந்து நாலாவது, ஐந்தாவது இலையைப் பறித்து இரண்டாக மடியுங்கள். முற்றிய இலை கரும்பச்சையாக, விறைப்பாக, மடித்த இடத்தில் சட்டென்று முறியும். இளம் இலை துணிபோல் மடியும். பத்துக் கிளைகளில் இப்படிப் பார்த்து ஏழெட்டு முறிந்தால் பூ வரும் என்று நம்பலாம்.

இந்தக் கட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்திவிடுங்கள். மரம் பூப்பதற்கு இரண்டு மாதம் முன்பிருந்து பிஞ்சு பிடிக்கும்வரை வேருக்கு ஓய்வு வேண்டும். வீட்டு மரங்களில் இதுதான் கெடுகிறது. துணி துவைத்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் தினமும் மரத்தடிக்குப் போகும். மரம் ஆண்டு முழுவதும் பச்சைப் பசேல் என்று இலை விடும்; பூக்காது. அந்தக் குழாயை இரண்டு மாதம் வாழைப் பாத்திக்குத் திருப்பிவிட்டாலே சில மரங்கள் அடுத்த பருவத்தில் பூத்துவிடும்.

ஜனவரி முடிந்தும் பூக்கவில்லை, இலை நன்றாக முற்றியிருக்கிறது என்றால் பிப்ரவரியில் லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கலந்து மாலையில் இலை நனையத் தெளிக்கலாம். முற்றாத தளிரில் தெளித்துப் பயனில்லை. வணிகத் தோப்புகளில், தளிர் வளர்ச்சியை அடக்கிப் பூக்க வைக்கும் பேக்லோபியூட்ரசால் என்ற மருந்தை மண்ணில் ஊற்றுவார்கள். செப்டம்பர் முதல் பாதியில், காய்க்கும் மரம் ஒன்றுக்கு 10 கிராம் மூலப்பொருள் (கரைசலின் எடை அல்ல, அதில் உள்ள மருந்தின் எடை) என்ற கணக்கு. அது மண்ணில் நீண்ட நாள் தங்கும், தளிரைக் குறுக்கும். இரண்டு மரம் வைத்திருப்பவர்கள் அதைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

பூ நிறைய, பிஞ்சு குறைவு

ஒரு மாம்பூங்கொத்தில் ஆயிரக்கணக்கான பூக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பகுதி ஆண் பூ, காய்க்கவே காய்க்காது. இருபால் பூவிலும் நூற்றில் ஒன்று காயாக நின்றால் பெரிது. பூ உதிர்வதைப் பார்த்துப் பதற வேண்டாம். உதிர்கிற பூவில் வெள்ளை மாவு படிந்திருக்கிறதா, கொத்தின்மேல் பிசுபிசுப்பும் கறுப்பும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெள்ளை மாவு என்றால் சாம்பல் நோய். நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கலாம். பிசுபிசுப்பு என்றால் தத்துப்பூச்சி. மொட்டு வெளிவரும்போதே வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்துக் கட்டுப்படுத்துங்கள். பூ நன்றாக விரிந்த பிறகு எந்தப் பூச்சிக்கொல்லியும் அடிக்காதீர்கள். மாவில் மகரந்தம் கடத்துவதில் ஈக்களுக்குப் பெரிய பங்கு. அவற்றைக் கொன்றால் பிஞ்சு பிடிக்காது.

மாதுளையில் இரண்டு வகைப் பூவையும் கண்ணாலேயே பிரித்துவிடலாம். அடி பருத்து, குடுவைபோல் இருப்பது காய்க்கும் பூ. அடி குறுகி, மணிபோல் கூம்பியிருப்பது உதிரும் பூ. மணிப்பூக்களே அதிகமாக இருந்தால் மரத்தின் சத்தும் நீரும் சீராக இல்லை என்று கொள்ளலாம். நெல்லியில் ஒற்றை மரம் வைத்தால் காய்ப்பு குறையும். கொல்லையில் இடம் இருந்தால் இரண்டு வெவ்வேறு ரகங்களை நடுங்கள்.

சீத்தாவின் சிக்கல் வேறு. அதன் பூவில் பெண் பாகம் முதலில் தயாராகும். மகரந்தம் பிறகுதான் உதிரும். இரண்டும் ஒரே பூவில் ஒரே நேரத்தில் சந்திப்பது அரிது. இயற்கையில் இந்த வேலையைச் சிறு வண்டுகள் செய்கின்றன. வண்டு வராத மாடித் தோட்டத்திலும் நகரத்து வீடுகளிலும் சீத்தா பூத்துப் பூத்து உதிர்வதும், ஒரு பக்கம் மட்டும் பருத்த கோணல் காய் வருவதும் இதனால்தான். பழத்தின் ஒவ்வொரு கண்ணும் ஒரு தனிச் சூல், அதாவது விதையாக மாறும் பகுதி. கருவுறாத சூல் இருக்கும் பக்கம் பெருக்காது. கையால் மகரந்தம் சேர்க்கலாம், சிரமமே இல்லை.

முதலில், இதழ்கள் மூன்றும் முழுவதும் விரிந்து, நடுவில் இருக்கும் கேசரங்கள் (மகரந்தம் தாங்கும் சிறு காம்புகள்) பழுப்பாகி உதிரும் நிலையில் உள்ள பூக்களைப் பறித்து ஒரு காகிதத்தின்மேல் தட்டுங்கள். வெளிர்மஞ்சள் தூள் விழும். ஐந்தாறு பூ போதும். அடுத்து, இதழ்கள் சற்றே பிரிந்து, தீக்குச்சி நுழையும் அளவு இடைவெளி விட்டிருக்கும் பூவைத் தேடுங்கள். அதன் உள்ளே நடுக்குமிழ் ஈரமாக மின்னும். அது பெண் நிலை. ஓவியம் வரையும் மெல்லிய தூரிகையை மகரந்தத்தில் தொட்டு, அந்தக் குமிழைச் சுற்றி எல்லாப் பக்கமும் படும்படி இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். காய்ந்த காற்றில் குமிழின் ஈரம் போய்விடும். ஓரிரு வாரத்தில் காம்பு தடித்துப் பச்சைக் குமிழ் பருத்தால் பிடித்துவிட்டது என்று பொருள். ஒரே கிளையில் அடுத்தடுத்து எல்லாப் பூவுக்கும் செய்யாதீர்கள். ஓர் அடிக்கு ஒரு காய் என்று விட்டால்தான் அவை பெருக்கும்.

பிஞ்சு நின்றபின் வரும் வாரங்கள்

பட்டாணி அளவுப் பிஞ்சு தெரிந்ததும் மாவுக்கு நிறுத்திய தண்ணீரை மறுபடி தொடங்குங்கள். ஒரே நாளில் வெள்ளமாக விடாமல், முதல் முறை பாதி அளவு, ஒரு வாரம் கழித்து முழு அளவு. வறண்ட வேருக்குத் திடீரென்று அதிக நீர் கிடைத்தால் பிஞ்சு கொட்டும்.

எவ்வளவு தண்ணீர்? ஏப்ரல் வெயிலில் நம் ஊர்களில் ஒரு நாளில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது. 15 அடி அகலத்துக்கு விரிந்த மரத்தின் பரப்புக்கு அது ஏறக்குறைய 100 லிட்டர். மரம் இழுப்பது அதில் சுமார் 60 விழுக்காடு, அதாவது நாளொன்றுக்குச் சுமார் 60 லிட்டர். செம்மண், களிமண்ணில் வாரம் ஒரு முறை 400 லிட்டர். மணற்பாங்கான மண்ணில் அதையே இரண்டாகப் பிரித்து வாரம் இரு முறை. வீட்டுக் குழாயில் ஒரு வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று ஒரு முறை பார்த்துக்கொண்டால், எவ்வளவு நேரம் திறந்துவிட வேண்டும் என்று தெரிந்துவிடும். ஆளுக்கொரு வாளி என்று ஊற்றிவிட்டு ‘தினமும் தண்ணீர் விடுகிறேன், பிஞ்சு வெம்பி விழுகிறது’ என்று வருந்துபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் விழ வேண்டிய இடம் தண்டின் அடி அல்ல. கிளைகளின் விளிம்புக்கு நேர் கீழே உள்ள வட்டம். நீரை உறிஞ்சும் சல்லி வேர்கள் அங்கேதான் அதிகம். எலுமிச்சைக்கு இது இன்னும் முக்கியம். தண்டைச் சுற்றி ஒரு சிறு கரை கட்டி உள்ளே நீர் போகாமல் தடுத்து, வெளியே இரண்டாவது வட்டப்பாத்தியில் நீர் விடுங்கள். தண்டில் நீர் தேங்கினால் பட்டை அழுகிப் பிசின் வடியும். வட்டத்தில் காய்ந்த இலை, தென்னை மட்டை, வைக்கோல் என்று கிடைத்ததை நாலு அங்குலம் மூடாக்குப் போடுங்கள். மாதுளை வெடிப்பதற்கு முதல் காரணம், காய்ந்த மண்ணுக்குத் திடீரென்று வரும் மழையோ பாசனமோதான்: தோல் இறுகிய பிறகு உள்ளே முத்துகள் சட்டென்று உப்புகின்றன. மூடாக்கும் இடைவெளி தவறாத பாசனமும் வெடிப்பைக் குறைக்கும். போரான் குறைவாலும் வெடிக்கும். அதற்குப் பூக்கும்போதும் பிஞ்சிலும் போராக்ஸ் லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கலாம்.

இனி, கை நடுங்கும் வேலை: பிஞ்சைக் குறைப்பது. காய்க்குச் சோறு போடுவது இலைதான். 10 இலைக்கு ஒரு காய் என்று இருக்கும் கிளையைவிட, 50 இலைக்கு ஒரு காய் என்று இருக்கும் கிளையில் மாங்காய் தெளிவாகப் பெரிதாக வரும். நெருக்கமாகக் காய்த்த மரத்தில் எல்லாக் காயும் சிறுத்துப் போவதற்கு உரக் குறைவைத் தேட வேண்டாம். கொத்தை எண்ணினால் போதும்.

மா தானே பெரும்பகுதியை உதிர்த்துவிடும். கோலிக்குண்டு அளவைத் தாண்டியும் ஒரு கொத்தில் நாலைந்து நின்றால் இரண்டை விட்டு மற்றவற்றை எடுத்து மாவடு போட்டுவிடுங்கள். கொய்யாவில் கோலி அளவில் கணுவுக்கு ஒன்று மட்டும் நிற்கட்டும். மாதுளையில் கொத்துக்கு ஒன்று. ஒட்டிய இரண்டு காய்க்கு நடுவே துளைப்பான் புழு சுகமாகக் குடியேறும். இதைச் சீக்கிரம் செய்வதில்தான் பலன். கொய்யா எலுமிச்சை அளவுக்கு வந்தபின் பறித்தால், அதற்குள் அது உண்ட சத்து வீண். மற்ற காய்களுக்கும் செல் பெருகும் காலம் போய்விட்டது. அந்த எலுமிச்சை அளவில் செய்ய வேண்டியது வேறு: காயை உறையிட்டுக் கட்டினால் பழ ஈயிடமிருந்து தப்பும், தோலும் வழவழப்பாக இருக்கும்.

ஓர் ஆண்டு மரம் முறியக் காய்த்து மறு ஆண்டு வெறுமையாக நிற்பதற்கும் இதே கணக்குதான். அளவுக்கு மீறிக் காய்த்த மரத்தில், அறுவடைக்குப் பின் தளிர் விடச் சேமிப்பு மிஞ்சுவதில்லை. காய்ப்பு மிகுந்த ஆண்டில் பிஞ்சைக் குறைத்தால் அடுத்த ஆண்டும் ஓரளவு காய் கிடைக்கும்.

கொய்யா: வெட்டு, வளை

கொய்யா மாவுக்கு நேர் எதிர். இதில் பூ புதுத் தளிரின் இலைக்கக்கத்தில், அதாவது இலை கிளையோடு சேரும் இடுக்கில், வருகிறது. ஆகவே துளிர்க்கத் துளிர்க்கக் காய். பிப்ரவரி, மார்ச்சிலும் செப்டம்பர், அக்டோபரிலும் போன பருவத்துக் கிளை நுனிகளை 10 முதல் 15 சென்டிமீட்டர் வெட்டிவிடுங்கள். பூத்ததிலிருந்து பழம் பறிக்க நாலு முதல் ஐந்து மாதம் ஆகும் என்பதால், எந்த மாதத்தில் பழம் வேண்டுமோ அதற்கேற்ப வெட்டும் நாளைத் தள்ளிக்கொள்ளலாம்.

நேராக மேல்நோக்கி ஓடும் கிளைகள் இலையாகவே வளரும். அவற்றைக் கயிற்றில் கட்டி மெதுவாகக் கீழே வளைத்து, தரையில் அடித்த முளையில் இழுத்துக் கட்டுங்கள். நுனியில் பத்துப் பன்னிரண்டு ஜோடி இலையை விட்டுவிட்டு மற்ற இலைகளை உருவிவிட்டால், வளைந்த கிளையின் முதுகு நெடுகிலும் மூன்று நாலு வாரத்தில் துளிர் வெடிக்கும். அவற்றில் பூ வரும். மண் ஈரமாக இருக்கும்போது செய்யுங்கள். வறண்ட கிளை ஒடியும். கயிறு பட்டையில் பதியாமல் இருக்கச் சாக்குத் துண்டைச் சுற்றிக் கட்டவும்.

உரம்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன மாவுக்கு ஆண்டுக்குத் தொழு உரம் 50 கிலோ, தழைச்சத்து (நைட்ரஜன்) 1 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 1 கிலோ, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 1.5 கிலோ. கடையில் வாங்கும் பொருளாகச் சொன்னால் யூரியா சுமார் 2.2 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 6.25 கிலோ, பொட்டாஷ் 2.5 கிலோ. கன்றுக்கு முதல் ஆண்டு இதில் ஐந்தில் ஒரு பங்கு என்று தொடங்கி ஆண்டுதோறும் கூட்டுங்கள். செப்டம்பர், அக்டோபரில், மழை பிடிக்கும் முன், கிளை விளிம்புக்கு நேர் கீழே ஒரு அடி அகலம், அரை அடி ஆழத்துக்கு வட்டக் குழி எடுத்துப் போட்டு மூடுங்கள். கொய்யாவுக்கு ஆண்டுக்குத் தொழு உரம் 50 கிலோவும் மூன்று சத்தும் தலா 1 கிலோவும். மார்ச், அக்டோபர் என்று இரண்டாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வீட்டுக் கொல்லையில் குறுக்கி வளர்த்த மரத்துக்கு இவற்றில் பாதி போதும்.

காய் பெருக்கவில்லை என்று யூரியாவை மட்டும் அள்ளிப் போடாதீர்கள். மரம் தளிராக ஓடும், பூச்சி கூடும், காய் அப்படியே இருக்கும். மாவில் பிஞ்சு கடுகு அளவில் இருக்கும்போது பொட்டாசியம் நைட்ரேட் லிட்டருக்கு 20 கிராம் தெளிப்பது பிஞ்சு நிற்க உதவும். எலுமிச்சையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இலை சிறுத்துக் காய் குண்டுமணியாக நின்றால் துத்தநாகக் குறைவு. மார்ச், ஜூலை, அக்டோபரில் புதுத் தளிர் வந்ததும் துத்தநாக சல்பேட் லிட்டருக்கு 5 கிராம் தெளியுங்கள். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இது அடிக்கடி வரும்.

நன்றாகக் காய்த்த மரம் திடீரென்று குறைந்தால்

முதலில் தண்டைச் சுற்றி வாருங்கள். அடியில் மரத்தூள் கொட்டிக்கிடந்தால் தண்டுத் துளைப்பான் உள்ளே இருக்கிறது. துளையைக் கம்பியால் துழாவிப் புழுவை எடுத்து, மண்ணால் அடையுங்கள். காய்க்காத மரத்தில் ஆணி அடிக்கும் பழக்கம் இன்றும் சில ஊர்களில் இருக்கிறது. அந்தக் காயங்கள் நோய்க்கும் துளைப்பானுக்கும் வாசல் திறந்துவிடுகின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள்.

அடுத்து, போன இரண்டு மூன்று ஆண்டுகளில் சுற்றிலும் என்ன மாறியது என்று யோசியுங்கள். பக்கத்தில் மாடி எழும்பி வெயில் மறைந்திருக்கலாம். முற்றத்தில் சிமெண்ட் போட்டு வேருக்கு நீர் போகும் வழி அடைபட்டிருக்கலாம்; அப்படியானால் கிளை விளிம்புக்குக் கீழே நாலு இடத்திலாவது இரண்டடிச் சதுரத்துக்குத் தளத்தைப் பெயர்த்து மண்ணைத் திறந்துவிடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பேறியிருக்கலாம். இலையின் நுனியும் ஓரமும் தீய்ந்ததுபோல் பழுப்பாவது அதன் அடையாளம். அந்த நிலையில் உரத்தைக் கூட்டினால் உப்பும் கூடும். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரை மரத்தடிக்குத் திருப்பிவிட்டு, மண்ணில் சேர்ந்த உப்பைக் கழுவ விடுங்கள்.